கிணற்றடியில் காற்றுக் கருவி: பேணுதலும் பழுது காணலும்

எமது குடாநாட்டில் மண்ணை வெட்டுவது பெரிய காரியமல்ல. கோப்பாய், உரும்பிராய், இணுவில், சுன்னாகம் பகுதிகளில் செம்மண் சில அடி ஆழத்துக்குத்தான் இருக்கும். அதன் கீழே சுண்ணாம்புக் கல் தொடங்கிவிடும். கிணறு வெட்டுதல் என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் இந்தக் கல்லை வெட்டுதலே. ஆறில்லாத மண் இது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால், குடிக்கவும் குளிக்கவும் வெங்காயத்துக்கு இறைக்கவும் எமக்குள்ளது கிணறு ஒன்றே. குடாநாட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிணறுகள் உண்டென்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

எமது பாட்டன்மார் அலவாங்கும் சம்மட்டியும் கொண்டு இவற்றை வெட்டினார்கள். பின்னர் வெடி வைத்து உடைக்கும் வழக்கம் வந்தது. போர்க் காலத்தில் வெடிமருந்து என்ற சொல்லை உச்சரிக்கவே பயந்தோம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் டீசலும் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. கிணறு வெட்டுவோர் மீண்டும் அலவாங்கைத் தேடி எடுத்தார்கள். இன்று காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசரும், அக்காற்றினால் அடிக்கும் கல்லுடைக் கருவியும் கிராமங்களுக்கு வந்துவிட்டன. ஆனால் அவற்றைப் பேணும் அறிவு கருவியோடு கூடவே வந்து சேரவில்லை. இதை நான் பிறரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. குறை என்னிடமே இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பகுதியில் ஆறு இளைஞர்கள் ஒன்றுசேர்ந்து, கடன் எடுத்து, பாவித்த கொம்பிரசர் ஒன்றும் கல்லுடைக் கருவி ஒன்றும் வாங்கினார்கள். கடனுக்குப் பிணை நின்றவர்களில் நானும் ஒருவன். கோடை காலத்தில் கிணறு ஆழமாக்கும் வேலை தொடர்ந்து கிடைத்தது. ஏழாவது வாரம் ஒரு மாலை அவர்களில் ஒருவன் சைக்கிளில் வந்து நின்றான்.

"சுவாமி, மெசின் அடிக்குதில்லை. காத்து வருகுது, ஆனா உளி அசையுதில்லை."

"ஒயில் விட்டனீங்களோ தம்பி?"

"ஓம் சுவாமி. நீங்கள் சொன்ன மாதிரி உழவு மெசினிலை இருந்து கழட்டின பழைய ஒயில்தான் விட்டனாங்கள்."

நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். காசை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம். பட்டணத்தில் ஒரு பட்டறையில் காட்டியபோது கருவி முடிந்துவிட்டது, புதிதாக வாங்கவேண்டும் என்றார்கள். கிணறு பாதியில் நின்றது. அடிக்கணக்கில் கூலி பேசியதால் கைக்குக் காசும் வரவில்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது. முன்பு கல்லகழ்விடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்த முதியவர் ஒருவரிடம் கடைசி முயற்சியாகக் கொண்டுபோனோம். அவர் திண்ணையில் ஒரு சாக்கை விரித்து, கருவியைக் கழற்றி, வால்வுத் தட்டை விரலால் தடவி எனக்குக் காட்டினார். தார் போன்ற கறுப்புப் பசை. அதன் கீழே செந்துரு. "சுவாமி, இது முடியேல்லை, மூச்சடைச்சுப் போய்க் கிடக்கு" என்றார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கழுவித் துடைத்து, உரிய எண்ணெய் விட்டுப் பூட்டிய பின் மறுநாள் காலை அது அடித்தது. அன்று அவர் திண்ணையில் கற்றதும், பின்னர் நானாகத் தேடிப் படித்ததும் இப்பாடத்தில் உள்ளன.

கருவி எப்படி அடிக்கிறது?

பழுது காண விரும்புபவர் முதலில் இயக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். கல்லுடைக் கருவியின் உள்ளே ஓர் உருளை. அதனுள் கனமான உருக்குப் பிஸ்ரன் ஒன்று மேலும் கீழும் ஓடும். கைபிடியிலுள்ள நெம்பை அழுத்தினால் காற்று உள்ளே வரும். வால்வு அக்காற்றை ஒருமுறை பிஸ்ரனுக்கு மேலேயும் மறுமுறை கீழேயும் மாற்றி மாற்றி அனுப்பும். கீழே இறங்கும்போது பிஸ்ரன் உளியின் தலையில் அடிக்கும். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். வேலை முடித்த காற்று பக்கத் துவாரத்தால் வெளியேறும். துளையிடும் கருவியாயின் இதோடு உளி சிறிது சிறிதாகச் சுழலும் ஏற்பாடும், துளையிலுள்ள தூளை ஊதித் தள்ளும் ஏற்பாடும் சேர்ந்திருக்கும்.

இது இன்று நேற்று வந்த முறையல்ல. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க அல்ப்ஸ் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வேலை 1857இல் கைவேலையாகத் தொடங்கியது. பொறியியலாளர் சொமெய்யே 1861இலிருந்து அழுத்திய காற்றால் துளையிடும் இயந்திரங்களை அங்கே பயன்படுத்தினார். 1871இல் பாதை திறக்கப்பட்டது. அந்தச் சுரங்கத்தில் நீராவி இயந்திரத்தை உள்ளே கொண்டுபோயிருந்தால் புகையில் தொழிலாளர் மடிந்திருப்பார்கள். காற்றுக் கருவியோ வேலையும் செய்து, வெளியேறும் காற்றால் தொழிலாளருக்குச் சுவாசிக்கவும் கொடுத்தது. எமது கிணற்றுக்கும் இதே நன்மை உண்டு. ஆனால் அதில் ஒரு பெரிய ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னர் கூறுவேன்.

பிஸ்ரனுக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி மிகச் சிறியது. வால்வுக்கும் அப்படியே. எண்ணெய்ப் படலம் ஒன்றே அவற்றைக் காக்கிறது. ஆகவே இக்கருவியின் எதிரிகள் மூன்று: தண்ணீர், தூசி, தவறான எண்ணெய். கருவிகள் பெரும்பாலும் கல்லில் அடித்துத் தேய்ந்து சாவதில்லை, இந்த மூன்றினாலேயே சாகின்றன.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"நாங்கள் தண்ணீர் விடுவதில்லையே" என்று இளைஞர்கள் கேட்டார்கள். தண்ணீர் காற்றிலேயே இருக்கிறது. எமது கடற்கரைக் காற்று 30 பாகை வெப்பத்தில், ஈரப்பதன் நூற்றுக்கு எண்பதாக இருக்கும்போது, ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 24 கிராம் நீராவியைச் சுமந்திருக்கும். நிமிடத்துக்கு 125 கன அடி காற்றை உறிஞ்சும் ஒரு கொம்பிரசர் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 212 கன மீற்றர் காற்றை உறிஞ்சுகிறது. அதாவது ஐந்து லீற்றர் தண்ணீரை ஆவியாக உள்ளே எடுக்கிறது. காற்றை எட்டில் ஒரு பங்குக்குச் சுருக்கினால் அது முழுவதையும் காற்றால் தாங்க முடியாது. அழுத்திய காற்று 40 பாகைக்குக் குளிர்ந்தால் மணித்தியாலத்துக்கு மூன்றரை லீற்றர் அளவில் தண்ணீராகவே விழும். பாரவூர்தி ரயருக்குக் காற்றடிக்கும் சிறு கொம்பிரசரில் இது ஒரு கோப்பைத் தண்ணீர் அளவே. எனினும் கிழமைக் கணக்கில் தாங்கியின் அடியில் தேங்கினால் தாங்கியையே துருவாக்கிவிடும்.

எனவே தாங்கியின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது நாளாந்தக் கடமை. காலையில் இயந்திரத்தை இயக்கமுன் ஒருமுறை, மதியம் ஒருமுறை, வேலை முடிந்தபின் ஒருமுறை. குழாயில் நீர்பிரிக்கும் கிண்ணம் இருந்தால் அதையும் வடிக்கவேண்டும். வேலை தொடங்கும்போது குழாயைக் கருவியில் பூட்டமுன், அதன் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிச் சில விநாடி காற்றை ஊதவிடுங்கள். இரவு குழாயில் தங்கிய தண்ணீரும், வாயில் புகுந்த மண்ணும், சில வேளை ஒரு குளவிக் கூடும் வெளியே போகும். குளவிக் கூட்டை நான் கண்ணால் கண்டேன்.

எண்ணெய்

பழைய எஞ்சின் ஒயில் வேண்டாம். அதில் கரி, உலோகத் துகள், எரிபொருள் எல்லாம் கலந்திருக்கும். புதிய எஞ்சின் ஒயில் அதைவிடச் சிறந்தது, ஆனால் அதுவும் இவ்வேலைக்கு உரியதல்ல. கல் துளைக்கும் கருவிகளுக்கென்று விற்கப்படும் எண்ணெய் ஈரத்தோடு சேர்ந்தும் உலோகத்தில் ஒட்டி நிற்கக்கூடியது. அதிர்ச்சியில் வழுகிப் போகாது. விலை கூடத்தான். ஆனால் ஒரு நாளைக்கு நீங்கள் பாவிக்கும் அளவு மிகச் சிறிது.

காற்றுக் குழாயின் நடுவே பூட்டும் எண்ணெய்க் குப்பி இருந்தால் அது கருவியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடிக்குள் இருக்கவேண்டும். தூரத்தில் வைத்தால் எண்ணெய் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கருவிக்கு வராது. குப்பி இல்லாதவர்கள் மணித்தியாலத்துக்கு ஒருமுறை காற்றை நிறுத்தி, குழாயைக் கழற்றி, கருவியின் காற்று வாயில் சிறிதளவு எண்ணெய் விட்டுப் பூட்டவேண்டும். அளவு சரியா என்று பார்க்க ஒரு முறை உண்டு. காற்று வெளியேறும் துவாரத்துக்கு எதிரே சிறிது நேரம் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடியுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சுப் படிந்தால் சரி. கடதாசி காய்ந்தே இருந்தால் கருவி பட்டினி கிடக்கிறது. துளித்துளியாகத் தெறித்தால் கூடிவிட்டது.

கூடுதலாக விட்டால் என்ன குற்றம் என்று கேட்கலாம். அந்த எண்ணெய் போய்ச் சேரும் இடம் கிணறு. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் ஊரையே உலுக்கியது. அது உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்பானது. அங்கே நடந்ததோடு எமது சிறு எண்ணெய்க் குப்பியை ஒப்பிட முடியாதுதான். எனினும் குடிக்கும் கிணற்றில் வேலை செய்பவர் எண்ணெயை அளந்து விடவேண்டும். வேலை முடிந்ததும் கிணற்றை முற்றாக இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் ஊறவிட்டு இன்னொருமுறை இறைக்கவேண்டும். கூலி பேசும்போதே இந்த இறைப்பையும் சேர்த்துப் பேசிக்கொள்வது நல்லது.

கொம்பிரசரின் உள்ளே விடும் எண்ணெய் வேறு, கருவிக்கு விடும் எண்ணெய் வேறு. பிஸ்ரன் வகைக் கொம்பிரசரில் எஞ்சின் ஒயிலை விட்டால் வெப்பத்தில் அது கரியாகி, காற்று வெளியேறும் குழாயில் படியும். அக்கரி தீப்பற்றிக் குழாய் வெடித்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்துள்ளன. கொம்பிரசரின் வாயால் மண்ணெண்ணெயோ பெற்றோலோ உறிஞ்சவிட்டுக் கழுவுவது உயிராபத்து. அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

அழுத்தம் குறைதல்

இக்கருவிகள் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அழுத்தத்தில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டவை. அது 70க்கு இறங்கினால் வலு மூன்றிலொரு பங்கு வரை குறைந்துவிடும். "கல் இறுகல், அதுதான் உடையுதில்லை" என்று நாம் கல்லைக் குற்றம் சொல்வோம். கொம்பிரசரிலுள்ள மானி 100 காட்டும். ஆனால் கருவியின் வாயில் எவ்வளவு என்று யார் பார்த்தார்கள்? ஒரு சிறு மானியைக் குழாயின் கருவிப் பக்க முனையில் பூட்டி, கருவி அடித்துக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். சும்மா நிற்கும்போது பார்த்தால் மானி பொய் சொல்லும்.

அழுத்தம் போகும் வழிகளில் முதலாவது குழாய். முக்கால் அங்குலக் குழாய் பழுதானபோது எமது இளைஞர்கள் அரை அங்குலக் குழாயை வாங்கிப் பூட்டினார்கள், மலிவு என்று. ஒரே அளவு காற்று போகும்போது முக்கால் அங்குலத்தைவிட அரை அங்குலக் குழாயில் உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏழு மடங்குக்கு மேல். இரண்டாவது ஒழுக்கு. எட்டில் ஒரு அங்குலத் துவாரம் ஒன்று 100 இறாத்தல் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 15 முதல் 25 கன அடி காற்றை வீணாக்கும். அத்தனைக்கும் டீசல் எரிகிறது. சவர்க்கார நுரையை இணைப்புகளில் பூசினால் குமிழி காட்டிக் கொடுக்கும். சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மூன்றாவது, கொம்பிரசரின் காற்று வடிகட்டி. சுண்ணாம்புக் கல் தூள் மாவைப் போன்றது, ஒரே நாளில் அதை அடைத்துவிடும். மாலையில் கழற்றித் தட்டவேண்டும். கிழிந்ததைத் துணி சுற்றிப் பாவிக்கக்கூடாது. நாலாவது, பட்டி தளர்தல். இரு சில்லுகளுக்கும் நடுவே விரலால் அழுத்தினால் அரை அங்குலமளவு தாழ்வது போதும்.

கருவி சொல்லும் அறிகுறிகள்

காற்று வருகிறது, கருவி அசையவில்லையென்றால் முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். அது சரியாயின் காற்று வாயிலுள்ள சிறு கம்பிவலையைக் கழற்றிப் பாருங்கள். அநேகமாக அங்கே றப்பர்த் துண்டோ துருவோ அடைத்திருக்கும். குழாயின் உள்வாய் உக்கி உதிர்ந்தால் இப்படி வரும். வலையைக் கழுவிப் பூட்டுங்கள். எறிந்துவிட்டுப் பூட்டாதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் வால்வு பசைபிடித்திருக்கிறது. குழாயைக் கழற்றி, காற்று வாயில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி, நெம்பை அழுத்தியபடி கருவியைப் புரட்டிப் புரட்டி ஊறவிட்டு, முழுவதையும் வடித்து, உரிய எண்ணெய் விட்டபின்னரே காற்றுக் கொடுக்கவேண்டும். மண்ணெண்ணெயோடு ஓடவிட்டால் பிஸ்ரன் உருளையைக் கீறிவிடும். இதற்கும் இணங்காவிட்டால் திறக்கவேண்டும். திறப்பதைக் கிணற்றடியில் செய்யாதீர்கள். ஒரு மணல் போதும் அதைக் கெடுக்க.

தொடங்கி நன்றாக அடித்துவிட்டு அரை மணித்தியாலத்தில் மெதுவாகி நின்றுவிடும் கருவி எமது இளைஞர்களை வெகுவாகக் குழப்பியது. சற்று ஓய்வு கொடுத்தால் மீண்டும் அடிக்கும். வெளியேறும் துவாரத்தைப் பார்த்தபோது, வைகாசி வெயிலில், வெண்பனி படிந்திருந்தது! அழுத்திய காற்று விரியும்போது குளிரும். சைக்கிள் ரியூப்பின் காற்றைத் திறந்துவிட்டால் வால்வு விரலுக்குக் குளிர்வதை எல்லோரும் அறிவோம். காற்றில் தண்ணீர் கூடியிருந்தால் அது துவாரத்தில் உறைந்து வழியை அடைத்துவிடும். இதற்கு மருந்து கருவியில் இல்லை, தாங்கியின் அடித்திருகில் இருக்கிறது. தண்ணீரை வடித்தபின் அந்த நோய் போய்விட்டது.

அடி விழுகிறது, ஆனால் வலுவில்லையெனில் உளியின் தண்டையும் அது நிற்கும் துளையையும் பாருங்கள். தேய்ந்து ஆடினால் பிஸ்ரன் உளித்தலையின் ஓரத்தில் அடிக்கும். வலுவும் போகும், பிஸ்ரனின் முகமும் உடையும். பக்கத்து நீண்ட போல்ற்றுகள் தளர்ந்திருந்தால் காற்று ஒழுகும். அவற்றை இரு பக்கமும் சிறிது சிறிதாக, சமமாக இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் போல்ற் முறியும்.

ரயர்க் கடைகளில் சில்லு நட் கழற்றும் சிறு கருவிக்கும் இவையெல்லாம் பொருந்தும். அதனுள் பிஸ்ரனுக்குப் பதிலாகச் சுழலும் தகடுகள் உண்டு. காலையும் மாலையும் சில துளி மெல்லிய காற்றுக்கருவி எண்ணெய் விட்டால் தகடுகள் ஒட்டாது. வர்ணம் தெளிக்கும் துப்பாக்கிக்கு மாத்திரம் எண்ணெய் கூடவே கூடாது. இரண்டுக்கும் ஒரே குழாயைப் பாவிக்கும் கடைக்காரர் பின்னர் வர்ணத்தில் கொப்புளம் கண்டு தவிப்பார்.

உளியும் கொல்லரும்

உளி மழுங்கிய பின்னும் அடிப்பது கருவியையே அடிப்பதாகும். கல் வாங்காத அடி திரும்பிக் கருவிக்கும் கைக்கும் வரும். உளியைக் கல்லில் ஊன்றாமல் வெறுமனே அடிக்கவிடுவதும் அப்படியே. முன்தலையும் உளி தாங்கும் பூட்டும் உடைந்துவிடும். கல்லின் நடுவே தொடங்காமல் விளிம்பிலிருந்து சிறிது சிறிதாக உடைத்து வாருங்கள். உளி கல்லில் இறுகினால் கருவியையே அலவாங்காக நெம்பாதீர்கள். இன்னோர் உளியால் பக்கத்தில் உடைத்து மீட்டெடுங்கள்.

தீட்டுவதற்கு எமது கொல்லர் பட்டறைகளே போதும், ஒரு நிபந்தனையோடு. முனையை மட்டுமே காய்ச்சித் தட்டி, முனைக்கு மட்டுமே நீர் காட்டவேண்டும். உளியின் தண்டைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் நொறுங்கும், அல்லது பிஸ்ரனைவிட இறுகி அதன் முகத்தைச் சிதைக்கும். முனையையும் தோய்த்தபடியே விட்டுவிடாமல் மீண்டும் சிறிது சூடேற்றிப் பதம் இறக்கவேண்டும். சாணைக் கல்லில் தீட்டுவோர் முனை நீலம் பாயும்வரை அழுத்தக்கூடாது. நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது. கொல்லர்களுக்கு இது தெரியும். அவசரப்படுத்துபவர்கள் நாங்களே.

கிணற்றின் அடியில் இருப்பவர்

இப்போது முன்பு சொன்ன ஆபத்துக்கு வருவோம். கொம்பிரசரை டீசல் எஞ்சின் ஓட்டுகிறது. அதன் புகைக்குழாயும் காற்று உறிஞ்சும் வாயும் ஒரே இயந்திரத்தில்தான் இருக்கின்றன. மதிலுக்கும் மாமரத்துக்கும் இடையே நெருக்கமாக நிறுத்தினால் எஞ்சின் தன் புகையையே கொம்பிரசருக்கு ஊட்டும். கொம்பிரசர் அதை அழுத்தி, குழாய்வழியே கிணற்றின் அடிக்கு, கல்லுடைப்பவரின் முகத்துக்கு நேரே அனுப்பும். அப்புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடிக்கும், கால் சோரும், பிறகு விழுந்துவிடுவார்.

எமது இளைஞரில் ஒருவன் ஒரு நாள் "தலை சுத்துது" என்று மேலே ஏறிவந்து வேலியடியில் படுத்தான். வெயில் என்றுதான் நினைத்தோம். மறுநாளும் அதே கிணற்றில் இன்னொருவனுக்கு அதே சுற்று. அன்றுதான் காற்று கொண்டல் பக்கமிருந்து புகையைத் திருப்புவதைக் கண்டோம். இருவரும் பிழைத்தது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல.

கொம்பிரசரைக் கிணற்றிலிருந்து தள்ளி, காற்று வீசும் திசை பார்த்து, உறிஞ்சும் வாய்க்குத் தூய காற்று வரும்படியும் புகை கிணற்றுக்கும் அவ்வாய்க்கும் எதிர்ப்புறம் போகும்படியும் நிறுத்தவேண்டும். காற்றுத் திரும்பினால் இயந்திரத்தையும் திருப்பவேண்டும். தண்ணீர் இறைக்கும் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கும் வழக்கம் இதைவிடக் கொடியது. மேலேயிருந்து உறிஞ்சும் பம்புக்கு இருபத்தைந்து அடிக்குக் கீழே தண்ணீர் எட்டாது என்பதால், கிணற்றின் படியில் எஞ்சினை வைத்து ஓட்டுகிறார்கள். புகை கிணற்றிலேயே தங்கும். எஞ்சினை நிறுத்தப் போனவரும், அவரைத் தூக்கப் போனவரும் ஒருவர் பின் ஒருவராக இறந்த துயரங்களைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். ஆள் இறங்கும் கிணற்றுக்கு மின்சாரத்தால் இயங்கும் நீரமிழ் பம்பைப் பாவியுங்கள். அதுவும் ஆள் உள்ளே நிற்கும்போது ஓடக்கூடாது.

அரிக்கன் லாம்பை இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்பது பெரியவர்கள் சொன்ன பரீட்சை. சுவாசிக்கும் காற்றுக் குறைந்த பாழ்ங்கிணற்றுக்கு அது ஓரளவு உதவும். காபன் மொனொக்சைட்டை அது காட்டாது. மனிதன் சாகும் காற்றிலும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆகவே இறங்குபவரின் இடுப்பில் கயிறு, மேலே அதைப் பிடித்தபடி ஒருவர், இது எந்நேரமும் வேண்டும். கீழே இருப்பவர் பதில் தராவிட்டால் மேலே நிற்பவர் இறங்காமல் கயிற்றால் தூக்கவேண்டும். உழைப்பு நின்று, எஞ்சின் நின்று, காற்று ஊதிய பின்னரே அடுத்தவர் இறங்கலாம்.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழாய் இணைப்புகளுக்குக் காவற்கம்பி பூட்டுங்கள். அழுத்தத்தோடு கழன்ற குழாய் பாம்புபோல் சுழன்று பல்லையும் கண்ணையும் எடுத்துவிடும். குழாயை மடித்துப் பிடித்துக் காற்றை நிறுத்தாதீர்கள். வால்வைப் பூட்டி, மிச்சக் காற்றைக் கருவியால் வெளியேற்றிய பின் கழற்றுங்கள். உடுப்பிலுள்ள தூசியைக் காற்றால் ஊதித் தட்டும் விளையாட்டு வேண்டாம். அது தோலுக்குள்ளும் காதுக்குள்ளும் புகும். பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறதென்று அதை அடைப்பவர் வெடிகுண்டின் அருகே வேலை செய்கிறார். துருப்பிடித்த தாங்கிக்கு ஒட்டுப் போடுவதும் அப்படியே. காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்குக் கவசம். விரல்கள் வெளிறி மரத்துப்போகும் இளைஞன் கருவியைச் சில நாள் மற்றவரிடம் கொடுக்கவேண்டும். அது களைப்பல்ல, அதிர்வு நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுப்பதன் முதல் அறிகுறி.

எங்கே நிறுத்துவது?

அலவாங்கால் வெட்டிய காலத்தில் கல்லே எம்மை நிறுத்தியது. இப்போது கருவி நன்றாக அடிக்கும்போது, "இன்னும் மூன்றடி போவம்" என்று வீட்டுக்காரர் சொல்வார். எமது நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழே உவர் நீர் நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆழமாக்கிய கிணறு முதல் கோடையில் நிறையத் தரும். இரண்டாம் மூன்றாம் கோடையில் வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கும். அயற்கிணறும் கூடவே கெடும்.

ஆகவே எமது குழுவினர் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஆழமாக்கக் கேட்பவரின் கிணற்றிலும் அயலிலுள்ள இரண்டு கிணறுகளிலும் ஆவணி மாதத்து நீர்மட்டத்தை அளந்து, நீரைப் போத்தலில் எடுத்து உவர்ப்புச் சோதித்த பின்னரே கொம்பிரசரை ஏற்றுவார்கள். உவர் காட்டினால் கீழே வெட்டாமல் பக்கச் சுவரில் வெடிப்பும் நீரூற்றும் உள்ள இடத்தைத் துப்புரவாக்கிக் கொடுப்பார்கள். கூலி குறைவுதான். சென்ற கோடையில் இரண்டு வேலைகளை இதனால் விட்டார்கள். கடனில் இன்னும் நாலு தவணை இருக்கிறது. அந்தப் பழைய கருவியே இன்றும் அடிக்கிறது.